காகத்துக்குப் போன வட்டிலப்பம்

ஒக்டோபர் 13, திங்கள்

புழுக்கம். கச்சான் காற்று ஓய்ந்தாயிற்று, மழை இன்னும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஈக்களின் ஆட்சி.

காலையில் பாலாவிச் சந்தியில் ஒரு சாப்பாட்டுக் கடை. முறைப்பாடு ஒன்றின் பேரில். முன்பக்கம் கண்ணாடி, மேசைக்கு மேசை பிளாஸ்டிக் பூ. பின்பக்கம் சமைக்கிற குசினி. கண்டவை:

— தரை துடைத்த துணி, கறிச்சட்டி மூடியின் மேல்.
— நேற்றைய சோற்றுக்கு மேல் இன்றைய சோறு.
— பிரிஜ்ஜுக்குள், இறைச்சிக்குப் பக்கத்தில், ஒற்றைச் செருப்பு.

செருப்பு ஏன் என்று கேட்டேன். வெளியில் வைத்தால் நாய் தூக்கிக்கொண்டு போகிறதாம். சமையல்காரன் இதை எந்த ஒளிவுமறைவும் இல்லாமல், எனக்கு நல்ல வழி ஒன்று சொல்லித் தருகிறவனைப் போலச் சொன்னான். அலுவலக டயரியில் "சுகாதாரக் குறைபாடுகள் அவதானிக்கப்பட்டன" என்று எழுதினேன். செருப்பை எழுத அங்கே இடமில்லை. அதற்குத்தான் இந்த டயரி.

பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேலை பார்க்கிறவன் வெளியில் சாப்பிடக் கூடாது என்று சட்டம் இல்லை. சட்டம் தேவையும் இல்லை. குசினிகளைப் பார்த்தவனுக்குப் பசி தானாகவே அடங்கிவிடும்.

மத்தியானம் நேசறி டீச்சர் போன் எடுத்தார். ஹனாவைப் பற்றி. வகுப்பில் ஒரு பையனுக்குப் பிறந்தநாள், கேக் வெட்டி எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார்கள். என் மகள் துண்டைக் கையில் வாங்கி, மணந்து, புரட்டிப் பார்த்து, "இத வெட்டின ஆள் கை கழுவினதா?" என்று கேட்டிருக்கிறாள். பிறகு குப்பைக் கூடையில் போட்டிருக்கிறாள். அவளைப் பார்த்து இன்னும் சில பிள்ளைகள் போட்டிருக்கிறார்கள். பிறந்தநாள்காரன் அழுதானாம். அவனுடைய உம்மாவும் அழுதாவாம்.

உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். ஐந்து வயதில் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

டீச்சர் அப்படி நினைக்கவில்லை. "புள்ளைக்கு ஒருத்தர்ர கையால ஒண்டு வாங்கத் தெரியல்ல சேர். நன்றி எண்டா என்ன எண்டே தெரியல்ல." மருந்தும் சொன்னார். ஒவ்வொரு நாள் பின்னேரமும் உம்மாவோ வாப்பாவோ பிள்ளையோடு உட்கார வேண்டும். மூன்று கேள்வி. இன்றைக்கு என்ன கிடைத்தது, யார் தந்தது, அதனால் என்ன நடந்தது. பிள்ளையும் சொல்ல வேண்டும், பெரியவரும் சொல்ல வேண்டும். அடுத்த நாள் அதில் ஒன்றை, தந்தவரின் முகத்தைப் பார்த்து, பிள்ளையே போய்ச் சொல்ல வேண்டும்.

ஹனாவின் உம்மா பஸ்லியா உச்சமுனைத் தீவில் படிப்பிக்கிறாள். திங்கள் விடிய வள்ளம் ஏறினால் வெள்ளி பின்னேரம்தான் கரை. ஆகவே வாப்பா. பஸ்லியாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். சிரித்தாள். "உங்கட மகள்தானே, வேற யார மாதிரி இரிப்பா" என்றாள்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு பாயில் உட்கார்ந்தோம். ஹனா நன்றாக யோசித்துவிட்டு, இன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றாள். கேக் கிடைத்ததே என்றேன். அதை எடுக்கவில்லையே என்றாள். பிறகு என்னைக் கேட்டாள். எனக்கு ரோல்ஸ் தந்தார்கள், தொடவில்லை. தேத்தண்ணீர் தந்தார்கள், தொடவில்லை. எனக்கும் ஒன்றுமில்லை. பல் துலக்கிவிட்டுப் படுத்தோம்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

மோட்டார் சைக்கிள் பிரேக் பார்க்க வேண்டும். காஸ் முடியப் போகிறது.

மதுரங்குளியில் பேக்கரி. முதலாளி ஹாஜியார் கதிரை போட்டு, குளிர்ந்த சோடாவும் வைத்தார். சோடாவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன். மா பிசைகிற தொட்டிக்கு மேல் ஒருவன் குனிந்து நிற்கிறான், மேலுக்குச் சட்டை இல்லை, மூக்கு நுனியில் வேர்வை சொட்டப் பார்க்கிறது. சொட்டும்வரை நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். சொட்டியது. எழுதிக்கொண்டேன். ஹாஜியாருக்கு முகம் கறுத்துவிட்டது. வழக்குப் போகும்.

இந்த ஊரில் காலையில் பாண் தின்கிறவர்களை நினைத்தால் குமட்டுகிறது.

பின்னேரம் ஹனாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நேசறி விட்டதும் பக்கத்து வீட்டு ஜெஸீமா ராத்தாதான் அவளை வைத்துக்கொள்வது, நான் வரும்வரை. பஸ்லியாவுக்குத் தீவுக்கு மாற்றம் வந்த நாளிலிருந்து. எதுவும் வாங்க மாட்டா. கேட்டால், ஒரு பிள்ளையைப் பார்க்கிறதுக்கும் விலையா என்பா. மன்னார்ப் பக்கம். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது சின்னப் பெண்ணாக, உடுத்த உடுப்போடு வந்து இறங்கியவ. புருஷன் மவுத்தாகி விட்டார், மகன் கட்டாரில். மதிலுக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நாங்கள்.

நல்ல மனிசி. குசினிதான். ஒருமுறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தது, போதும். ஜன்னல் கட்டையில் பூனை. தண்ணீர்ப் பானைக்கு மூடியில்லை. கரண்டியை முந்தானையில் துடைத்துவிட்டுத் திரும்பவும் சட்டிக்குள் விட்டா. அன்றிலிருந்து ஹனாவுக்கு மத்தியானச் சாப்பாடு பெட்டியில். சோறு, அவித்த முட்டை, போஞ்சி. மாமி ஏதாவது தந்தால் வயிறு நிறைஞ்சிட்டு என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். ராத்தாவை அவள் மாமி என்பாள்.

ஆனால் பின்னேரத்தில் மதிலுக்கு மேலால் ஒரு கிண்ணம் வரும். வாரத்தில் சில நாள், சில வாரம் எல்லா நாளும். இன்றைக்கு வட்டிலப்பம், முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்தது. "ஜஸாகல்லாஹ் ராத்தா" என்று நன்றி சொல்லி இரண்டு கையாலும் வாங்கினேன். பின்பக்கம் கொண்டுபோய் முருங்கைக்குக் கீழே தட்டினேன். காகங்களுக்கு இந்த நேரம் தெரியும், மதிலில் ஏற்கனவே வரிசை. கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இரண்டு வாழைப்பழம் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். வெறும் பாத்திரம் திரும்பிப் போகக் கூடாது. அந்த மரியாதையில் நான் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

ஹனா படியில் நின்று பார்ப்பாள், எப்போதும். நொண்டிக் காகம் ஒன்றுக்குப் பேர்கூட வைத்திருக்கிறாள், நொண்டி ராஜா.

மஃரிபுக்குப் பிறகு மூன்று கேள்வி. இன்றைக்குப் பதில் வந்தது. காலையில் நேசறிக்குக் கொண்டுபோகிற ஓட்டோ மாமா சீலையை இறக்கிவிட்டார், வெயில் படவில்லை. நல்லது, நாளைக்கு அதை அவரிடம் சொல்லுங்கள் என்றேன். என்னுடையது: அலுவலகத்தில் பியோன் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். அதனால் என்ன நடந்தது என்று விடாமல் கேட்டாள். வேர்க்கவில்லை என்றேன். சரி என்று தலையாட்டினாள், பெரிய பரிசோதகரைப் போல.

ஒக்டோபர் 15, புதன்

விடிய ஒரு தூற்றல். மண் நனையவில்லை, கருவாடு நனைந்தது.

கருவாடு காய்ச்சுகிற வாடிப் பக்கம் போனேன். பாயில் விரித்த சாளை, அதன் மேல் வெள்ளையாக நெளிகிறது. வாடிக்காரர் கையால் தட்டிவிட்டு, "வெயில் வந்தாப் போயிரும்" என்றார். புழு போகும் என்கிறாரா, நான் போவேன் என்கிறாரா, தெரியவில்லை. சப்பாத்தைக் கழுவியும் மணம் போகவில்லை. இதை எழுதும்போதும் மூக்கில்.

ஓட்டோக்காரரிடம் ஹனா சொல்லிவிட்டாளாம். மனிசன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து என்னிடம் சொன்னார், இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளை இப்படிச் சொன்னதில்லை என்று. கண் கலங்கியிருந்தது. அவளுக்கு ஒரு டொஃபி கொடுத்திருக்கிறார். அவள் தின்னவில்லை, பையில் வைத்திருந்தாள். சுற்றின தாள் பிரிந்திருந்தது, எறிந்துவிட்டேன்.

பின்னேரம் ஹனாவின் முறை. நேரே நிமிர்ந்து உட்கார்ந்து, டீச்சர் சொல்லிக் கொடுத்த ஒழுங்கில் சொன்னாள்.

"மாமி வட்டிலப்பம் தந்த. காகம் சாப்பிட்டிச்சு. நொண்டி ராஜாக்கு வயிறு நிறைஞ்சிச்சு."

சிரிப்பு அடக்க முடியவில்லை. மூன்று கேள்விக்கும் மூன்று பதில், நேற்றையது என்பதைத் தவிர ஒன்றும் தப்பில்லை. போனில் பஸ்லியாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அத நாளைக்கு ராத்தாட்டயே போய்ச் சொல்லப் போறா, பாருங்க."

சொல்லாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதற்குள் அலுவலகத்திலிருந்து அழைப்பு, டெங்குக் கூட்டம் நேரம் மாறியதாம். அதைப் பேசி முடிப்பதற்குள் பிள்ளை தூங்கிவிட்டாள்.

ஒக்டோபர் 16, வியாழன்

நடந்துவிட்டது.

காலையில் அவளுக்குத் தலை சீவி, சப்பாத்துப் போட்டு, பெட்டியில் முட்டை வைத்து, ஓட்டோவில் ஏற்றினேன். முட்டை ஞாபகம் இருந்தது. மற்றது இல்லை. டெங்குக் கூட்டத்தில் ஒருவர் யாரோ வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் கண்ட நுளம்புக் குடம்பிகளைப் பற்றி நீட்டி முழக்கிக்கொண்டிருந்த நேரத்தில் என் மகள் மாமி வீட்டு நடுவில் கை கட்டி நின்று சொல்லியிருக்கிறாள். வட்டிலப்பம். காகம். நொண்டி ராஜா. கடைசியில் "ஜஸாகல்லாஹு கைரன் மாமி" என்றும் சொல்லியிருக்கிறாள். அவளே எனக்குச் சொன்னாள், வரும் வழியில், சந்தோசமாக.

நான் போனபோது ராத்தா வாசல் கதிரையில் இருந்தா. வழக்கமாக இந்த நேரம் குசினிக்குள். ஹனாவின் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலும் மடியில். எழும்பி என் கையில் தந்தா. கோபம் ஒன்றும் முகத்தில் இல்லை.

"காகத்துக்கு எண்டு தெரிஞ்சிருந்தா முட்ட கொறச்சிப் போட்டிருப்பன், தம்பி."

அவ்வளவுதான் சொன்னா. உள்ளே போய்விட்டா.

மூன்று கேள்வி இன்றைக்கு வேண்டாம் என்றேன். ஹனா அழுதாள். டீச்சர் ஒவ்வொரு நாளும் என்று சொன்னாராம்.

ஒக்டோபர் 17, வெள்ளி

ஜும்ஆவில் பயான் பேசியவர் பேசியது என்ன என்று கேட்டால் தெரியாது. முன்வரிசையில் ஒருவர் பல்லிடுக்கைக் குத்தி, குத்தியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்லியா பின்னேரம் வந்து சேர்ந்தாள். உப்பும் டீசலும் மணக்க. நீங்கள் ஒருமுறை போய்ப் பேசுங்கள் என்றேன், பொம்பளைக்குப் பொம்பளை. மாட்டாளாம். காகத்துக்குப் போட்டது நான்தானாம். இவளுக்கு இது முன்பே தெரியும் என்பதுதான் ஆச்சரியம். தான் வீட்டில் இருக்கும் நாட்களில் கிண்ணம் வந்தால் சாப்பிடுவாளாம், நான் பள்ளிவாசலுக்குப் போன நேரம் பார்த்து. ஹனாவுக்கும் ஒரு வாய் கொடுக்கப் பார்ப்பாளாம். ஹனா வாயை மூடிக்கொள்வாளாம்.

"நீங்க திண்ணாட்டிப் பரவாயில்ல. அவளும் யார்ர கையாலயும் திண்ண மாட்டா. உம்மாட கையப் பாத்தும் கழுவினீங்களா எண்டு கேக்கிறா. அது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது.

கிண்ணம் வரவில்லை. காகங்கள் வந்தன. மதிலில் இருந்து கத்தித் தீர்த்தன. கல் எடுத்து எறிந்தேன். போகவில்லை. இத்தனை நாள் ஊட்டி வளர்த்திருக்கிறேன், எங்கே போகும்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

வெயில். தலையணை உறைகள், திரைச்சீலைகள் எல்லாம் துவைத்தேன். பஸ்லியா பார்த்துக்கொண்டே போனாள். காஸ் மாற்றியாயிற்று. பிரேக் இன்னும் பார்க்கவில்லை.

கிண்ணம் இல்லை.

ஒக்டோபர் 21, செவ்வாய்

ராத்தா ஹனாவைப் பார்த்துக்கொள்வதை விடவில்லை. நேற்றும் இன்றும் வழக்கம்போல நேசறி வாசலில் நின்று கூட்டிக்கொண்டு போயிருக்கிறா. விட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன். லீவு போட வேண்டும், அல்லது அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு அலைய வேண்டும். அதுவும் அவவுக்குத் தெரியும். முகம் பார்க்கும்போது "வாங்க தம்பி" என்று சொல்லுகிறா. பழைய குரல்தான். இது திட்டுவதை விட மோசம்.

இன்றைக்கு ஒரு கொத்துக் கடை. ஒன்றும் எழுத மனமில்லை. எலி, வேறென்ன.

மஃரிபுக்குப் பிறகு உட்கார்ந்தோம். நல்லதாக ஒன்று சொல்லட்டும் என்று நானே எடுத்துக் கொடுத்தேன், மாமி இன்றைக்கு என்ன தந்தா என்று. ஹனா மூன்று கேள்வி ஒழுங்கை விட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்.

"மாமி ஒண்டும் தரல்ல. கையக் காட்டின."

எந்தக் கையை?

"பெட்டி தெறக்கிறதுக்கு முன்னால காட்டுவா. சவுக்காரம் போட்டுக் கழுவிட்டு. ரெண்டு பக்கமும். நான் பாத்து ஓம் எண்டாத்தான் பெட்டியத் தெறப்பா. நகத்தயும் பாப்பன்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். எப்போதும்தான் என்றாள். எங்க வாப்பா கடைக்காரர்களின் கையை இப்படித்தான் பார்ப்பார் என்று இவள்தான் முதல் நாளில் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

ஆகவே ஒவ்வொரு மத்தியானமும் அந்த மனிசி, தன் வீட்டுக்குள், தான் கட்டிய சுவருக்குள், என் மகளுக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டிப் புரட்டிக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறா. கூலி வாங்காமல் வளர்க்கிற பிள்ளைக்கு முன்னால். பெட்டியைத் திறக்கும் உத்தரவுக்காக.

இன்றுவரை பார்த்த குசினி ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்த்தேன். புழு, வேர்வை, செருப்பு, எலி. இதைப்போல வயிற்றைப் புரட்டியது ஒன்றுமில்லை. என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஹனா இன்னும் பதிலுக்குக் காத்திருந்தாள். "வாப்பாக்கு என்ன கிடைச்சிச்சு?" தலை வலிக்கிறது என்று எழும்பிவிட்டேன்.

ஒக்டோபர் 23, வியாழன்

மழை. முதல் நல்ல மழை. ஒழுங்கை முழுக்கத் தண்ணீர், நாளைக்கு நுளம்பு.

ராத்தா குடை பிடித்துக்கொண்டு கேற்றடியில் வந்து நின்றா. சனிக்கிழமை மத்தியானம் அவவுடைய வீட்டில் கத்தம். புருஷனுக்கு ஒவ்வொரு வருடமும் ஓதிச் சாப்பாடு கொடுக்கிறது, ஒழுங்கை முழுவதற்கும் சொல்கிறது வழக்கம். நான் போவேன், ஓதும்வரை இருப்பேன். சாப்பாட்டுக்கு எல்லாரும் சஹனைச் சுற்றி உட்கார்வார்கள். ஒரே பெரிய தட்டில் சோறு, சுற்றிவர ஐந்து பேர், ஐந்து கை. நான் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன். எனக்கு மட்டும் தனியாக ஒரு பீங்கான் வரும். ஏதோ வீட்டுக்காரர் உத்தியோகத்தருக்குச் செய்யும் மரியாதை என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். அதிலும் பேருக்கு ஒரு பிடி.

"புள்ளயும் பஸ்லியாவும் வாங்க. தம்பிக்கு வழமை மாதிரி வேற பீங்கான் வெக்கிறன். சுடுதண்ணில போட்டு எடுத்துத்தான்."

குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே சொல்கிறா. சுடுதண்ணீரை நினைத்து வைத்திருக்கிறா. வருகிறோம் ராத்தா என்று மட்டும் வந்தது வாயில். மன்னிப்புக் கேட்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. மழைச் சத்தம் வேறு. கேட்கவில்லை. கோழை.

ஒக்டோபர் 25, சனி

மழை விட்டு வெளிச்சம். ராத்தா வீட்டு முற்றத்துச் சேறு, வாசலில் செருப்புக் குவியல்.

ஓதி முடிந்தது. பாய் விரித்து சஹன்கள் வந்தன. இறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி, அச்சாறு. எனக்குரிய பீங்கான் ஓரமாக ஒரு கதிரையில், மேலே வெள்ளைத் துணி மூடி. கதிரைக்குப் பக்கத்தில் இருந்த சஹனில் ஒரு இடம் வெறுமை. மற்ற நாலு பேர் யார் என்று பார்த்தேன். லொறிச் சாரதி ஒருவர், நகமெல்லாம் கறுப்பு. இருமுகிற மோதினார். ஓட்டோக்காரர். நாலாவது, மதுரங்குளி பேக்கரி ஹாஜியார். ராத்தாவின் புருஷன் அவரிடம்தான் வேலை செய்தவராம். அல்லாஹ் எழுதுகிற எழுத்தைப் பாருங்கள்.

உள் அறைச் சீலையை விலக்கிக்கொண்டு ஹனா வந்து நின்றாள். பெண்கள் பக்கத்திலிருந்து தப்பி வந்திருக்கிறாள். கதிரையில் இருந்த பீங்கானைப் பார்த்தாள். பாயில் இருந்த சஹனைப் பார்த்தாள். பிறகு என்னை.

செம்பில் தண்ணீர் வந்தது. கழுவினேன். பாயில், ஹாஜியாருக்கும் சாரதிக்கும் நடுவில் உட்கார்ந்தேன். நாலு பேரும் கதையை நிறுத்திவிட்டார்கள். பிஸ்மி சொல்லிக் கையை வைத்தேன். சோறு சூடு. எதிரில் மோதினாரின் விரல்கள் குழைக்கின்றன, கறி என் பக்கத்துக்கு வழிந்து வருகிறது. முதல் பிடியை வாயில் வைத்தேன். கண்ணில் தண்ணீர். மென்றேன். ஹனா என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இறங்குகிறதா என்று. இறங்கியது.

ஹாஜியார் இறைச்சித் துண்டு ஒன்றைத் தன் விரலால் பிய்த்து, நல்ல பாதியை என் பக்கம் தள்ளினார். "எடுங்க சேர்." அந்தக் கை நடத்துகிற பேக்கரியில் மாத்தொட்டிக்குள் என்ன சொட்டியது என்று எனக்குத் தெரியும், எழுதியே வைத்திருக்கிறேன். எடுத்துத் தின்றேன். நல்ல ருசி. அருவருப்பும் போகவில்லை. இரண்டும் ஒன்றாக வயிற்றுக்குள் போனது. வழக்கை வாபஸ் வாங்க மாட்டேன், அது வேறு.

நிமிர்ந்து பார்த்தபோது ஹனா இல்லை.

மிச்சக் கதையை வீட்டுக்கு வந்ததும் பஸ்லியா சொன்னாள். உள்ளே பெண்கள் சஹனைச் சுற்றி இருக்கிறார்கள். ராத்தா ஹனாவுக்கென்று தனிக் கோப்பையில் சோறு வைத்து, அத்தனை பெண்களுக்கும் முன்னால், பழக்கத்தில், இரண்டு கையையும் நீட்டிக் காட்டியிருக்கிறா. பஸ்லியாவுக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்ததாம். ஹனா அந்தக் கையைப் பார்க்கவில்லை. தன்னுடைய கை இரண்டையும் நீட்டியிருக்கிறாள்.

ராத்தா குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்திருக்கிறா.

"நகத்துக்குள்ள மண். போய்க் கழுவிட்டு வாங்க."

பெண்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். ஹனா ஓடிப்போய்க் கழுவி, திரும்பவும் காட்டி, சரி என்று சொல்லும்வரை நின்றிருக்கிறாள். பிறகு ராத்தாவின் மடியோடு உட்கார்ந்து சஹனில் கை வைத்திருக்கிறாள். அவ குழைத்துத் தந்ததை அவ கையாலேயே வாங்கித் தின்றிருக்கிறாள். இதைச் சொல்லும்போது பஸ்லியா என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாள்.

இரண்டு குளிசை போட்டுக்கொண்டேன். வயிற்றுக்கு. வயிற்றுக்கு ஒன்றும் இல்லை, இருந்தாலும்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

மூட்டம். துவைத்தது காயவில்லை.

பின்னேரம் மதிலுக்கு மேலால் கிண்ணம். வட்டிலப்பம். கொடுத்துவிட்டு ராத்தா போகவில்லை, மதிலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றா. பஸ்லியாவும் ஹனாவும் படியில். காகங்களும் ஆஜர்.

டீச்சர் சொன்ன ஒழுங்கு எனக்குத் தெரியும். என்ன கிடைத்தது, யார் தந்தது, அதனால் என்ன நடந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ராத்தா, என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. உங்கட கைய, என்றேன். திரும்பவும் நின்றது. அவ கையை மதிலிலிருந்து எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டா.

"ஆறப் போகுது தம்பி, திண்ணுங்க."

ஹனா கரண்டி கொண்டுவந்தாள். இரண்டு. ஒன்று அவளுக்கு. நின்றபடியே தொடங்கினோம். ஏலக்காய், கருப்பட்டி, முட்டை தாராளம். குறைத்துப் போடவில்லை. பாதிக் கிண்ணத்தில் என் கரண்டியில் ஒரு முடி. நீளம், வெள்ளை. ராத்தாவுடையதுதான், வேறு யாருடையதாக இருக்கும். விரலால் இழுத்துக் கிண்ணத்தின் விளிம்பில், அவ பார்க்காத பக்கத்தில், ஒட்டிவிட்டு மிச்சத்தைத் தின்றேன்.

ஹனா பார்த்துவிட்டாள். "அது என்ன வாப்பா?" என்று கேட்டாள், ராத்தாவுக்குக் கேட்க.

தேங்காய்த் தும்பு என்றேன்.